கரிக் கணக்கு எழுதிக் கொடுத்த பெரியவருக்கும், கூட நின்ற உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள வாசகர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில், கறியைப் புகையில் மெல்ல வேகவைக்கும் பார்பெக்யூ போட்டியில் நடக்கும் ஒரு கொலையைப் பற்றிய நம் தொடரின் கடைசி அத்தியாயம் வெளியாகிவிட்டது. வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் மனசு நம்ப மறுக்கிறது. கையெழுத்துப் பிரதி தொலைந்துபோய், முடிவை மறுபடி எழுத வேண்டிவந்த கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. உங்களுக்கு எல்லாம் தெரியும். என்னோடு சேர்ந்து நீங்களும் தூக்கம் கெட்டவர்கள்தான். "வந்தால் வரட்டும், வராவிட்டால் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியவர்களின் கடிதங்களைத்தான் அந்த நாட்களில் திரும்பத் திரும்பப் படித்தேன். நெஞ்சு ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசி அத்தியாயத்தை இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள். கொலையாளி எப்படி மாட்டினான் என்பதைச் சொல்லாமல் இந்த மடலை எழுத முடியாது. ஏனென்றால் அவனை மாட்டவைத்தது நான் அல்ல.

அதைச் சொல்லுமுன், பார்பெக்யூ போட்டியில் ஒரு கொலைக்கதையை ஏன் வைத்தாய் என்று ஆரம்பத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. சமையல் போட்டியில் கொலை என்றதும் எல்லோருக்கும் விஷம்தான் தோன்றும். ஆனால் கான்சாஸ் சிட்டி பார்பெக்யூ சொசைட்டியின் விதிப்படி நடக்கும் போட்டியில், குறிப்பிட்ட ஒரு நடுவரைக் குறிவைத்து விஷம் வைக்கவே முடியாது. கோழி, பன்றி விலா, பன்றித் தோள்கறி, மாட்டு நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட் என்று நான்கு வகையும் ஒரே மாதிரியான வெள்ளைப் பெட்டிகளில்தான் போகும். அணியின் எண்ணை மறைத்து வேறு எண் ஒட்டிவிடுவார்கள். எந்தப் பெட்டி எந்த மேஜைக்குப் போகும் என்று சமைத்தவருக்குத் தெரியாது. மேஜைக்கு ஆறு நடுவர்கள். ஆறு பேரும் அதே பெட்டியிலிருந்து எடுத்துத்தான் சாப்பிடுவார்கள். தோற்றம், சுவை, மென்மை மூன்றுக்கும் ஒன்பதிலிருந்து இரண்டு வரை மதிப்பெண் போடுவார்கள். அதில் மிகக் குறைந்த மதிப்பெண் போட்டவரின் கணக்கு தள்ளுபடியாகிவிடும். பெட்டிக்குள் அலங்காரத்துக்கு வைக்கும் கீரைக்குக்கூட இன்னதுதான் என்று விதி இருக்கிறது. இப்படி எல்லாக் கதவையும் அடைத்து வைத்திருக்கும் இடத்தில் ஒருவன் எப்படிக் கொல்வான்? அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

விடையும் விதியிலேயே இருந்தது. இந்தப் போட்டிகளில் கேஸ் அடுப்பிலோ மின்சார அடுப்பிலோ சமைக்கக் கூடாது. விறகு, கரி, மரத்தூள் வில்லை, இவைதான் எரிபொருள். பிரிஸ்கெட் வேக ராத்திரி முழுக்க ஆகும். ஆக, மைதானத்தில் இருக்கும் ஒவ்வொரு அணியிடமும் விடிய விடியக் கனியும் தணல் இருக்கும். கையில் தணலோடு யாராவது நடந்து போனால் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. பக்கத்திலேயே டிரெய்லரில், குளிருக்குக் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, முறைமாற்றித் தூங்கும் மனிதர்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் விழிப்பதே இல்லை.

நம் செவிலியம்மாவைப் பற்றியும் பலர் கேட்டிருந்தீர்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்று, பார்பெக்யூ நடுவராகப் பயிற்சி எடுத்த தமிழ்ப் பெண்மணியை ஏன் துப்பறிய வைத்தேன் என்றால், காரணம் அந்த இளஞ்சிவப்பு. புகையில் வெந்த கறியின் ஓரத்தில் ஒரு சிவப்பு வளையம் தெரியும், 'ஸ்மோக் ரிங்' என்பார்கள். புகையிலிருக்கும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறியிலுள்ள மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால் வரும் நிறம் அது. அதை வைத்து மதிப்பெண் போடாதே என்றுதான் நடுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதைச் செயற்கையாகவும் வரவழைக்க முடியும் என்பதால். சிவப்பைக் கண்டும் காணாமல் இருக்கப் பழகிய ஒருத்தி, டிரெய்லருக்குள் இறந்து கிடப்பவரின் முகத்தில் அதே சிவப்பைப் பார்த்துவிட்டு நகர முடியாமல் நிற்கிறாள். இந்த ஒரு காட்சிக்காகத்தான் மொத்தத் தொடரையும் எழுதினேன் என்றே சொல்வேன்.

இனி பெரியவர்.

மிசூரியில் ஒரு போட்டி மைதானத்தில் அவரைச் சந்தித்தேன். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 1980 முதல் நடந்துவரும் அமெரிக்கன் ராயல் போட்டிக்கெல்லாம் போய் வந்த மனிதர். எழுபதைத் தாண்டியவர், அதிகம் பேச மாட்டார். அவருடைய அடுப்புப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அவர் கையில் ஒரு நோட்டு எப்போதும் இருந்தது. அரை மணிக்கு ஒரு வரி: மணி, அடுப்பின் சூடு, கறிக்குள் இருக்கும் சூடு, காற்று எந்தப் பக்கம், எவ்வளவு கரி போட்டேன். எண்ணெய்ப் பிசுக்கேறிய நோட்டு. ஓரங்கள் புகையில் பழுத்திருந்தன. நடுராத்திரிக்குப் பிறகு பிரிஸ்கெட் 150, 160 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வந்து அசையாமல் நின்றுவிடும். கறியின் ஈரம் ஆவியாகி ஆவியாகி, ஏறும் சூட்டையெல்லாம் தின்றுவிடுவதால் மணிக்கணக்கில் அந்த எண் நகராது. புதிதாக வருபவர்கள் பயந்துபோய் நெருப்பைக் கூட்டிவிடுவார்களாம். அவர் ஒவ்வொரு அரை மணிக்கும் எழுந்து, அதே எண்ணை, அதே பொறுமையோடு எழுதிவிட்டு உட்கார்ந்தார்.

அன்று பனி இறங்கி என் நோட்டு நனைந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் தன் நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்தைத் திறந்து நீட்டினார். கொலை நடக்கும் இரவின் கால அட்டவணையை நான் எழுதியது அதில்தான். யார் எப்போது தூங்கினார், யார் எப்போது எழுந்தார், எந்த டிரெய்லரின் கதவு எப்போது சாத்தியிருந்தது எல்லாமே. அவருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே எழுதினேன். படித்துப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான். ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு மற்ற எல்லாவற்றோடும் சேர்ந்து அந்தப் படமும் போனது உங்களுக்குத் தெரியும்.

அவரிடம் உதவி கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நடுவராக இருக்கும் என் தோழி எங்கேயோ பேச்சுவாக்கில் அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை விடிகாலையில் என் கைபேசிக்கு இரண்டு படங்கள் வந்தன. என் கையெழுத்து. அந்த அட்டவணை. பார்த்ததும் அழுதுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், பக்கம் நான் விட்டபடி இல்லை.

என் அட்டவணையின் வலது ஓரத்தில் அவர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தார். தலைப்பு: கரி. நான் கற்பனை செய்த அணிக்கு, நான் கற்பனை செய்த இரவில், ஒவ்வொரு அரை மணிக்கும் எவ்வளவு கரி செலவாகியிருக்கும் என்று பென்சிலால் நிரப்பியிருந்தார். அன்று அவரும் ஒரு போட்டி மைதானத்தில் இருந்திருக்கிறார். அவருடைய உண்மையான அடுப்புக்கு ஒரு வரி எழுதும்போதெல்லாம், பக்கத்தைத் திருப்பி, இல்லாத என் அடுப்புக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறார். ராத்திரி முழுக்க. கீழே இப்படி எழுதியிருந்தது: "உன் ஆள் இரண்டு மணிக்கு இவ்வளவு தணலை அள்ளிக்கொண்டு போனால் அவனுடைய அடுப்பு குளிர்ந்துவிடும். சூட்டைப் பிடிக்க மறுபடி கரி கொட்டியாக வேண்டும். அது கணக்கில் தெரிந்துவிடும்."

படித்தவர்களுக்குப் புரிந்திருக்கும். கரி கூடியிருக்கிறது, அடுப்பின் சூடு கூடவில்லை. மீதித் தணல் எங்கே போனது? கதையில் உதவிக்கு இருந்த பையன் அக்கறையாகக் குறித்து வைத்த அந்த ஒற்றை எண்ணை வைத்து செவிலியம்மா கொலையாளியை மடக்குகிறாரே, அது தொலைந்துபோன கையெழுத்துப் பிரதியில் கிடையாது. அதில் வேறொரு முடிவு இருந்தது. நீங்கள் இப்போது படித்திருப்பது பெரியவரின் பென்சிலில் பிறந்த முடிவு. தொலைந்தது திரும்பக் கிடைக்கவேண்டும் என்று வேண்டாத தெய்வம் இல்லை. இன்று அது கிடைத்தாலும் பிரித்துப் பார்க்க மாட்டேன்.

தமிழ் தெரியாதவர். இந்தக் கதையை அவர் ஒரு வரிகூடப் படிக்கப் போவதில்லை. இதனால் அவருக்கு ஒரு காசு லாபமில்லை. மறுநாள் பகல் பன்னிரண்டுக்குக் கோழி, பன்னிரண்டரைக்கு விலா, ஒன்றுக்குத் தோள்கறி, ஒன்றரைக்குப் பிரிஸ்கெட் என்று வரிசையாகப் பெட்டி கொடுத்தாக வேண்டும். சில நிமிடம் தாமதமானாலும் அத்தனை உழைப்பும் வீண். அந்த ராத்திரியில், கண் எரியும் புகைக்கு நடுவில், யாரோ ஒருவருடைய பொய்க்கதைக்கு உண்மையான கணக்கு போட்டுக் கொடுக்க ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. எழுத்தாளர்கள் கற்பனை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இல்லாத ஓர் அடுப்பு அணைந்துவிடக் கூடாதே என்று அரை மணிக்கு ஒரு தரம் கவலைப்பட்டவரை நினைத்தால், அந்தச் சொல்லுக்கு அவர்தான் உரியவர் என்று படுகிறது.

போனில் நன்றி சொன்னேன். "கணக்கு இடித்தது, சரி செய்தேன்" என்றார். பிரிஸ்கெட் எப்படி வந்தது என்று கேட்டேன். நன்றாக வந்ததாம்.

மற்றவர்களையும் சொல்லியாக வேண்டும். நடுவர் மேஜையில் யாரும் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பதிலிருந்து, விரலால்தான் எடுத்துச் சாப்பிட வேண்டும் என்பதுவரை பொறுமையாகச் சொல்லித்தந்த அந்தத் தோழி. கார்பன் மோனாக்சைடில் இறந்தவரின் தோல் எப்படி இருக்கும், எப்போதெல்லாம் அப்படி இருக்காது என்று இரவுப் பணி முடித்த களைப்போடு விளக்கிய மருத்துவர். தன் கணினியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு "எப்போ வேணாலும் திருப்பிக் குடு" என்ற தம்பி. பக்கத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் எனக்காகக் காத்திருந்த ஆசிரியர். முந்தைய அத்தியாயங்களை ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்து, பாத்திரங்களின் பட்டியலையே எழுதி அனுப்பிய வாசகர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மடல் எழுத வேண்டியவள் நான். கொஞ்சம் பொறுங்கள், எழுதுவேன்.

ஒரு வாசகி எழுதியிருந்தார். குளிர்காலத்தில் கூடாரத்துக்குள் கரி அடுப்பை எடுத்துப்போய் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவர் வீட்டில் இருந்ததாம். ஐந்தாம் அத்தியாயத்தைப் படித்த பிறகு அதை நிறுத்திவிட்டார்களாம். அந்தக் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குள் ஒரு பயமும் ஒரு தீர்மானமும் இருக்கின்றன. ஓர் ஆளைக் கொல்லும் வழியைக் கதைக்காக இவ்வளவு விவரமாக எழுதிவிட்டு, அதே வழியில் தெரியாமல் சாகிறவர்களைப் பற்றிப் பேசாமல் இருக்க என்னால் ஆகாது. புத்தகமாக வரும்போது முதல் பக்கத்தில், கதைக்கு முன்னால், பெரிய எழுத்தில் இது இருக்கும்: தணல் கனியும் அடுப்பை, அணைந்தது போலத் தெரிந்தாலும், அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். தூங்கும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வையுங்கள். அதில் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். பதிப்பகம் இடமில்லை என்றால் என் முன்னுரையை எடுத்துவிட்டாவது இதைப் போடச் சொல்வேன்.

பெரியவரின் அந்த இரண்டு பக்கங்களையும், பென்சில் கணக்கோடு, புத்தகத்தின் பின்னிணைப்பில் அப்படியே அச்சிட அனுமதி கேட்டிருக்கிறேன். எண்கள் தெளிவாகத் தெரியவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு சரி என்றிருக்கிறார். அவருடைய அடுத்த போட்டிக்கு விறகு சுமக்கவும் கரி கொட்டவும் நான் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் மெய்ப்பு பார்த்து முடிக்க வேண்டும். யாராவது உதவ முடியுமானால் எழுதுங்கள்.

அன்புடனும் தீராத நன்றியுடனும்,
உங்கள் தொடர் எழுத்தாளர்