சோக் இல்லாமல் மலையேறிய வண்டி

மேமியோ, பர்மா
மார்கழிக் கடைசி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை அவள் நேரத்துக்கு விட்டுக்கொள்ள மாட்டாள், நீதான் பக்கத்தில் நின்று விட வேண்டும். இங்கே காப்பி பறிப்பு நடக்கிறது. வீட்டுக்காரி அதிலேயே மூழ்கிக் கிடப்பதால் எனக்கு வாசலில் உட்கார்ந்து கடிதம் எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

நீ எழுதியதில் முக்கால்வாசி கலோ மலையூரில் இருக்கும் தம்பியின் காரைப் பற்றித்தான். காலையில் ஸ்டார்ட் ஆகிறது, நாலைந்து விநாடி ஓடி நின்றுவிடுகிறது, திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் திரும்ப அதே கதை, வெயில் ஏறிய பிறகு சமர்த்தாக ஓடுகிறது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்ப்பரேட்டரையே மாற்றிவிடலாம் என்று அங்கே ஒருவர் சொல்கிறாராம், அதில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக்கலாம் என்று இன்னொருவர். எது சரி என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம். அந்த வண்டியில் கெட்டுப்போனது என்று ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ரங்கூனில் யாரோ கழற்றிப் போட்டவைதான் இப்போது கணக்குக் கேட்கின்றன.

என் டொயோட்டா கொரோல்லாவும் தம்பியுடையதும் ஒரே கேஇ70, ஒரே 1290 சிசி 4கே இன்ஜின். 2011இல் பழைய வண்டியை ஒப்படைத்தால் இறக்குமதிப் பெர்மிட் தருவதாகத் திட்டம் வந்து ஊரே வரிசையில் நின்றதே, அதில் சேராமல் வீம்பு பிடித்தவர்கள் நம் இரண்டு வீட்டாரும்தான். பெர்மிட் வாங்கியவர்கள் கெட்டிக்காரர்கள் என்று தங்கச்சி இன்னும் சொல்லிக்கொண்டிருப்பாள், சொல்லட்டும். நம் வண்டிகள் ஓடியதெல்லாம் தான்லின் பக்கமும் பெகு ரோட்டிலும்தான். குளிர் என்றால் உனக்கு ஸ்வெட்டர் போட ஒரு சாக்கு, அவ்வளவே. குளிரில் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக் அந்த ஊரில் யாருக்கு வேண்டும்? ஆக்சிலரேட்டரை இரண்டு மிதி மிதித்துச் சாவியைத் திருப்பினால் வேலை முடிந்தது. சோக் கேபிள் இறுகினால் வெட்டி எறிந்துவிட்டு, சோக் தட்டு மூடாமல் கம்பி வைத்துக் கட்டிவிடுவார்கள். என் வண்டி மேமியோவுக்கு வந்தபோது அப்படித்தான் வந்தது. டாஷ்போர்டில் சோக் குமிழ் மட்டும் அழகாக இருக்கும், பின்னால் ஒன்றும் கிடையாது.

இதை எனக்கு எடுத்துக் காட்டியவர் இங்கே இருக்கும் ஒரு சயா, பர்மியர் வாத்தியாரை அழைக்கும் பெயரில் எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக். மண்டலேயில் பட்டறை வைத்திருந்தவர். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் வீடு விரிசல் விட்ட பிறகு குடும்பத்தோடு மேலே வந்துவிட்டார். அதிகம் பேசமாட்டார். ஏர் கிளீனர் மூடியைக் கழற்றினார், என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், இன்ஜின் தடுமாறும் நேரத்தில் ஒரு சிறு பலகைத் துண்டால் கார்ப்பரேட்டரின் வாயை முக்கால்வாசி மூடினார். நிற்கப் போன இன்ஜின் அப்படியே நிமிர்ந்து ஓடியது. பலகையை எடுத்தார், செத்தது. அதற்கு மேல் விளக்கம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

தம்பியையும் முதலில் இதைச் செய்து பார்க்கச் சொல். இரவு முழுக்கக் குளிர்ந்த இன்ஜினில், காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே செய்ய வேண்டும். சூடான வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப் போய்க் காட்டினால் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் சொல்ல முடியாது. வாயை மூடும்போது வண்டி தேறினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். இன்னும் மோசமாகிக் கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகம், அது வேறு வழக்கு. மூட உள்ளங்கையை வைக்கவே வேண்டாம், பேக்ஃபயர் என்று தீ திரும்பி அடித்தால் கை வெந்துவிடும். கொட்டகைக்குள் நிறுத்தி ஓடவிடவும் கூடாது, சைலன்சர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும்.

ஏன் போதவில்லை என்பது நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்த விஷயம்தான். பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவியாகித்தான் எரியும். ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்பது சூடான இன்ஜினின் கணக்கு. சிலிண்டருக்குப் போகும் குழாயான மேனிஃபோல்ட் குளிர்ந்திருந்தால் பாதிப் பெட்ரோல் அதன் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது, சிலிண்டருக்குள் போய்ச் சேரும் ஆவி கொஞ்சம்தான். சோக் தட்டு காற்றை மறித்துப் பெட்ரோலை அதிகம் உறிஞ்ச வைக்கும், அந்த அதிகத்தில் ஆவியாகும் பங்கு இன்ஜினுக்குப் போதும். தம்பி மிதிக்கும் இரண்டு மிதியில் ஆக்சிலரேட்டர் பம்ப் ஒரு பீச்சு பீச்சுகிறது. அந்த நாலு விநாடி ஓட்டம் அந்தப் பீச்சலில்தான். அது தீர்ந்ததும் பின்னால் வருவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது வரும் வெறும் ஐடில் பெட்ரோல், அது குளிரில் காணாது.

சோக் குமிழை இழுத்தால் இன்னொரு வேலையும் நடக்கிறது. சோக்கோடு இணைந்த ஒரு சிறு லீவர், கீழே இன்ஜினுக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலையும் கொஞ்சம் திறந்துவிடும். ஐடில் வழக்கத்தைவிட வேகமாக ஓடுவது அதனால்தான். கேபிள் இல்லையென்றால் இரண்டும் போச்சு. அதனால்தான் சிலர் ஐடில் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டிவைத்துவிட்டு 'சரியாச்சு' என்பார்கள். காலையில் நிற்காது, உண்மைதான். ஆனால் பத்து மணிக்குச் சந்தையில் கிளட்ச்சை விட்டால் வண்டி முன்னே பாயும். அப்படித் திருகி வைத்திருந்தால் முதலில் பழைய அளவுக்குக் கொண்டுவரச் சொல்.

சோக் பூட்டிய பிறகும் என் வண்டி ஒரு குறும்பு பண்ணியது. அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், கலோவிலும் இது வரும். ஸ்டார்ட் ஆகிவிட்டது, சோக்கை உள்ளே தள்ளியாச்சு, பூங்கா வழியாகக் கொஞ்சதூரம் போனதும் இன்ஜின் மூச்சுத் திணறி நிற்கும். கீழே இறங்கி மூடியைத் திறந்து பார்த்து, ஒன்றும் புரியாமல் ஒரு டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். பெட்ரோல் பம்ப், பிளக் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சயா மட்டும், நின்ற உடனேயே ஏர் கிளீனர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே வெள்ளையாகப் பனி! பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சுகிறது, கார்ப்பரேட்டரின் குறுகிய கழுத்தான வெஞ்சுரியில் வெப்பம் இருபது டிகிரிக்கு மேல்கூட இறங்கும். வெளியே பத்து டிகிரியும் பனிமூட்டமும் என்றால் காற்றில் இருக்கும் ஈரம் அங்கேயே உறைந்து வழியை அடைக்கிறது. நின்ற வண்டியில் கீழிருந்து ஏறும் இன்ஜின் சூடு அதைக் கரைத்துவிடும். நாம் டீ குடித்து முடிப்பதற்குள் சாட்சியம் காணாமல் போய்விடுகிறது.

வண்டியைச் செய்தவர்களுக்கு இது தெரியாததல்ல. ஏர் கிளீனர் மூக்கிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கம் ஒரு குழாய் இறங்கும், குளிர்காலத்தில் சூடான காற்றை இழுக்க. ரங்கூனில் அது கிழிந்ததும் கழற்றி எறிந்துவிடுவார்கள், வெயிலில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. மேமியோவில் நான் புதுக் குழாய் மாட்டியதிலிருந்து அந்தத் தொல்லை விட்டது. தம்பியின் வண்டியிலும் அந்த இடத்தில் ஓட்டை மட்டும்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

தெர்மோஸ்டாட்டும் இருக்காது. ரேடியேட்டர் அடைத்துச் சூடேறும் வண்டிக்கு ரங்கூன் வைத்தியம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது. அது இல்லையென்றால் முதல் நிமிஷத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்துகொண்டே இருக்கும், மலைக்காலையில் சூடு காட்டும் முள் மேலே ஏறவே ஏறாது. தம்பி சோக்கை அரைமணி நேரம் இழுத்தபடி ஓட்டுவான், பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு போய்க் கீழே ஆயிலோடு கலக்கும், பிளக் கரி பிடிக்கும். 82 டிகிரியில் திறக்கும் ஒன்றை வாங்கி மாட்டச் சொல். மாட்டுவதற்கு முன் பானைத் தண்ணீரில் போட்டுச் சுடவைத்துத் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கலோ உயரத்தில் தண்ணீர் 96 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதற்குள் திறக்காவிட்டால் அது உதவாது.

அடுத்து ஜெட்டைப் பெரிதாக்கும் யோசனை. அதைச் சொன்னவர் மேல் எனக்குக் கோபமே வருகிறது. கலோ 4,300 அடி. அங்கே காற்றழுத்தம் ரங்கூனைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. ஜெட் அதேதான், காற்று மெலிசு, அதனால் சூடான இன்ஜின் ஏற்கெனவே பெட்ரோலைத் தேவைக்கு மேல்தான் குடித்துக்கொண்டிருக்கிறது. காலை பத்து நிமிஷக் குளிருக்காக நாள் முழுக்கக் கூடுதலாகக் குடிக்க வைப்பானேன்? பெட்ரோல் வரிசையில் நின்று பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்.

மற்றவை சில்லறை. சாவியைப் போட்டதும் கார்ப்பரேட்டர் பக்கத்தில் 'டிக்' என்று சோலனாய்டு சத்தம் வருகிறதா கேட்கட்டும், வராவிட்டால் ஐடில் ஜெட்டுக்குப் பெட்ரோல் போகாது, ஆனால் அப்போது சூடான பிறகும் ஐடிலில் இன்ஜின் அணைந்துவிடும். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரின் கண்ணாடியில் பெட்ரோல் பாதி அளவில் தெரிய வேண்டும். பாய்ண்ட் இடைவெளி 0.45 மில்லிமீட்டர், பிளக் 0.8. வேக்குவம் குழாய்கள் கல்லாகிப் போயிருக்கும், மலிவுதான், எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். ரோட்டோரம் போத்தலில் விற்கும் பெட்ரோலை இனி வாங்கக் கூடாது, அதில் தண்ணீர் இருக்கும்.

புது வண்டி வாங்கியதும் பெகு ரோட்டு ஆலமரத்தடியில் மூன்று தடவை முன்னும் பின்னும் நகர்த்திக் கும்பிடச் சொன்னாயே, அந்த நாட் தேவதையும் சோக் கேபிள் விஷயத்தில் தலையிடாது போலிருக்கிறது.

உனக்கு ஒரு வேலை. இங்கேயும் கலோவிலும் கேபிள் கிடைப்பதில்லை. ரங்கூன் ஸ்பேர் கடைகளில் இரண்டு வாங்கு, ஒன்று தம்பிக்கு, ஒன்று எனக்குக் கைவசம் இருக்கட்டும். வாங்கும்போது உள்கம்பியைப் பார். சோக்குக்கு முறுக்கில்லாத ஒற்றைக் கம்பி வேண்டும், இழுக்கவும் வேண்டும் தள்ளவும் வேண்டும். மோட்டார் சைக்கிள் கேபிள் மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது, இழுக்கும், தள்ளாது, வளைந்துவிடும். கடைக்காரன் அதுவும் ஒன்றுதான் என்பான், நம்பாதே. டாஷ்போர்டிலிருந்து கார்ப்பரேட்டர் வரை எவ்வளவு நீளம் என்று தம்பியை ஒரு நூலை விட்டு அளந்து சொல்லச் சொல், அதற்கு ஒரு ஜாண் கூட வாங்கு. பொங்கல் முடிந்து நம் ஆட்கள் யாராவது மேலே வந்தால் கொடுத்தனுப்பு.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பள்ளித்தோழன்