பழுதடைந்த தேசியக்கொடிகளை ஒப்படைக்க ஓர் இடம் வேண்டி மனு

அனுப்புநர்:
தையல்கடைக்காரர்,
அல்சூர், பெங்களூரு.

பெறுநர்:
உயர்திரு மண்டல ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி, பெங்களூரு.

பொருள்: பழுதடைந்த தேசியக்கொடிகளைச் சேகரிக்க வார்டு அலுவலகத்தில் பெட்டி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அல்சூரில் 19 வருடமாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். ரவிக்கையும் பள்ளிச் சீருடையும்தான் பிழைப்பு. கடை மூலையில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. இன்றைய கணக்குக்கு அதில் 43 தேசியக்கொடிகள். ஒன்றுகூட நான் வாங்கியதில்லை. ஆகஸ்டு 16 காலையில் மழைநீர்க் கால்வாய் ஓரத்திலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் பொறுக்கியவை. அப்புறம் விஷயம் தெரிந்து அக்கம்பக்கத்தாரும் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

2021 டிசம்பரில் கொடி விதி மாறி, இயந்திரத்தில் செய்த பாலியஸ்டர் கொடியும் செல்லும் என்றானது. 2022 ஜூலையில் வீடுகளில் இரவிலும் பறக்கவிடலாம் என்றார்கள். நல்லதுதான், ஓட்டு வீட்டிலும் கொடி பறந்தது. ஆனால் இந்த ஊர் ஆகஸ்டு மழையில் எந்தத் துணி எத்தனை நாள் தாங்கும்? காற்றில் அடிபடும் ஓரம்தான் முதலில் பிரியும்.

பெட்டியில் ஒரு கொடியின் சக்கரம் முட்டை போல நீண்டிருக்கிறது. ஆரக்கால்களை எண்ணிப் பார்த்தேன். 24 இருக்க வேண்டியதில் 20தான். பின்பக்கம் சக்கரமே இல்லை. இதே மாநிலத்தில், ஹூப்ளி பெங்கேரியில், கையால் நூற்று நெய்த கதர்த் துணியில் கொடி தைக்கிறார்கள். அளவோ சாயமோ பிசகினால் அங்கே தள்ளிவிடுவார்கள்.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை இந்தக் கொடியை ஏற்றபோது, முந்தைய காங்கிரஸ் கொடியில் இராட்டை இருந்த இடத்துக்கு, அசோகரின் சாரநாத் தூணின் சக்கரம் வந்தது. காவி துறவு, வெள்ளை ஒளி, பச்சை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு என்று அங்கே விளக்கியவர் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன். அதற்கு முன்பே, 1932 ஜனவரியில், திருப்பூரில் தடியடிபட்டு விழுந்தபோதும் கொடியை விடாமல் உயிர்விட்டார் குமரன். இந்தப் பக்கம் கர்நாடகத்து விதுராஸ்வத்தம் கிராமத்தில் 1938 ஏப்ரல் 25 அன்று, தடையை மீறிக் கொடியேற்றக் கூடியவர்களைப் போலீஸார் சுட்டார்கள். அந்தக் கொடியைக் குப்பை வண்டியில் போட எனக்குக் கை வரவில்லை.

சரி, முறைப்படி நானே அழித்துவிடலாம் என்று பார்த்தால் அங்கேதான் சிக்கல். பழுதான கொடியைத் தனியிடத்தில், முழுமையாக, கண்ணியமாக, முடிந்தால் எரித்து அழிக்க வேண்டும் என்கிறது கொடி விதித்தொகுப்பு. பொதுமக்கள் பார்வையில் கொடியை எரித்தால் தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை. நான் இருப்பது ஒற்றை அறை வாடகை வீடு. மொட்டைமாடியைச் சுற்றி நாலு மாடிக் கட்டடங்கள். 43 கொடிகளை அங்கே கொளுத்தினால், போலீஸ் வரும்முன் செல்போன் வீடியோ வந்துவிடும்.

ஆகவே, வரும் ஆகஸ்டு 15க்கு முன் வார்டு அலுவலகத்தில் மூடியுள்ள பெட்டி ஒன்று வைத்து, சேரும் கொடிகளைப் பொறுப்பான அலுவலர் ஒருவர் முன்னிலையில் விதிப்படி அழிக்க ஏற்பாடு செய்யுமாறு வேண்டுகிறேன். கன்னட நகலும் இணைத்துள்ளேன். என்னிடம் உள்ளவற்றை எடுத்துச்செல்ல ஆள் அனுப்பினால், காலை 10 மணிக்கு மேல் கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அல்சூர் தையல்காரர்