எங்கள் தோட்டத்துக் கூடாரங்களுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

சுங்கை சிப்புட் மக்களுக்கும், ஈப்போ, கோலகங்சார் பக்கமிருந்து வந்து உதவியவர்களுக்கும் வணக்கம்.

ஒருவழியாக எங்கள் கிளாம்பிங் திறந்தாயிற்று. ரப்பர் பால்மரங்களுக்கும் ஆட்டுக் கொட்டகைக்கும் நடுவே கட்டில், மின்விசிறி, குளியலறை எல்லாம் வைத்த கூடாரங்கள். முதலில் வந்த குடும்பங்கள் தங்கி, காலையில் பசியாறி, சந்தோஷமாகக் கிளம்பிவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வந்து நன்றி சொல்லத்தான் ஆசை, ஆனால் ஆட்டையும் மரத்தையும் விட்டு நகர முடியவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஓய்வுபெற்ற நம் பொறியாளர் ஐயாவுக்கு. 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் பத்தாங் காலியில் முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்களே, அதிலிருந்து கூடாரம் என்று பேச்செடுத்தாலே என் மாமியாருக்குப் பயம். நியாயமான பயம்தான். ஐயா, நாங்கள் ஒரு முளை அடிப்பதற்கு முன்பே நிலம் முழுக்க நடந்தார். நல்ல மழை கொட்டிய மறுநாள் திரும்பவும் வந்து, தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, எங்கே தேங்குகிறது என்று குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். மேட்டின் விளிம்பு வேண்டாம், அடிவாரம் வேண்டாம், ஓடைக்கரையும் வேண்டாம், காட்சி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, சமதளத்தில் போடுங்கள் என்றார். டுரியான் மரத்தடியும் கூடாது, காய் விழுந்தால் கூடாரத் துணி தாங்காது. ஒரு காசு வாங்கவில்லை. இன்று விருந்தினர் தூங்கும்போது நாங்களும் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்றால் அது உங்களால்தான் ஐயா.

நில அலுவலக முகப்பில் இருந்த தங்கைக்கும் சொல்ல வேண்டும். கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், விவசாயம் என்று போட்டிருக்கும் நிலத்தில் காசு வாங்கி ஆட்களைத் தங்கவைப்பதென்றால் முதலில் அனுமதி கேட்க வேண்டும், 1965 நிலச் சட்டம் அப்படித்தான் என்று என் மாமனாருக்குத் தமிழில் பொறுமையாக விளக்கி, விண்ணப்பப் பாரங்களைக் கூடவே இருந்து பூர்த்தி செய்து கொடுத்தவர் அவர். கடனுக்குத் தகரமும் குழாயும் கொடுத்த இரும்புக்கடைத் தவுக்கேவுக்கும், கோயில் நாற்காலிகளையும் அண்டாக்களையும் தந்த நிர்வாகத்துக்கும் பெரிய நன்றி.

தச்சர் பெரியப்பா, உங்களை மறப்பேனா? வெட்டிப்போட்ட பால்மரம் கிடக்கிறதே, அதிலேயே மேடை அடித்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். நீங்கள் ஒன்றும் வாதாடவில்லை. மழையில் கிடந்த பழைய ரப்பர் பலகை ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினீர்கள், வண்டு துளைத்த இடமெல்லாம் மாவாக உதிர்ந்தது. மருந்தடிக்காத ரப்பர் பலகை வெளியில் நிற்காது என்று அப்போதே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அப்புறம் பிரித்த பழைய வீடுகளில் அலைந்து செங்கால் என்ற உறுதியான மரத்தின் சட்டங்களைத் தேடிக் கொண்டுவந்து, முழங்கால் உயரத்துக்கு மேடை கட்டினீர்கள். அடியில் காற்று ஓடுவதால் நம் ஊர் ஈரத்திலும் கூடாரத் துணியில் இன்னும் பூஞ்சை பிடிக்கவில்லை.

பால்வெட்டும் அக்காமார்களைப் பற்றி எழுதினால் நிறுத்த மாட்டேன். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் இருட்டிலேயே நெற்றி விளக்கோடு கிளம்பிவிடுவார்கள். பட்டணத்துப் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னாலேயே போகும். உளி இழுத்த இடத்தில் பட்டை சுருண்டு விழும், கோடு முழுக்க வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாகக் கசிந்து ஒன்று சேர்ந்து கோப்பைக்கு ஓடும். தோட்டத்து வேலை என்று வெளியில் சொல்லவே கூச்சப்பட்ட ஓர் அக்கா, இன்று பத்துப் பேரை நிற்கவைத்து மரத்தில் எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே போனால் மரம் காயப்படும் என்று பாடம் நடத்துகிறார். வந்தவர்கள் மெத்தையைப் பற்றிப் பேசுவதில்லை, இவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதனால் ஒவ்வொரு முன்பதிவிலும் அவர்களுக்கென்று ஒரு தொகை ஒதுக்கிவிட்டோம், அது உதவி அல்ல, அவர்களுடைய சம்பளம்.

கடைசியாக என் மாமனார். அவருடைய அப்பா லயத்து வீட்டில் இருந்தவர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் நம் ஊர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கியவர். சொந்த நிலம் என்ற நினைப்பு இந்த வீட்டுக்குள் வந்தது அவரால். மாமனார் பால்மாடு வைத்துச் சேர்த்த காசில் வாங்கிய நிலம் இது, அதைச் "செய்து பாருங்கள்" என்று எங்கள் கையில் கொடுத்துவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு அடுத்த வாரம் வெளியாட்கள் யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. கூடாரங்கள் எல்லாம் உங்களுக்கு, குடும்பத்தோடு வந்து தங்க வேண்டும். எத்தனை பேர் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கறி வாங்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பூட்ஸ் இருந்தால் எடுத்து வாருங்கள், மரத்தடியில் இரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கும்.