தம்படமும் தம்பட்டமும்: கல்லூரி முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும் வணக்கம்.

கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக உளவியல் கற்பிக்கிறேன். போன மாதம் எங்கள் துறைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. வளாகத்துக்குள் செல்ஃபி எடுத்தால் செல்போன் பறிமுதல், பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் திரும்பக் கிடைக்கும். அதுகூடப் பரவாயில்லை, பல கல்லூரிகளில் இருக்கிற விதிதான். கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. மாணவர்களிடையே பெருகிவரும் நார்சிசம் (தன்மோகம், அதாவது தன்மீதே கொள்ளும் மோகம்) என்னும் மனநோயைக் கட்டுப்படுத்தவே இந்த நடவடிக்கையாம். சுற்றறிக்கை அச்சுக்குப் போகும் முன் அந்தச் சொல்லின் எழுத்து சரிதானா என்று என்னிடம்தான் கேட்டார்கள். சரி என்றேன். எழுத்து சரி, விஷயம் தப்பு என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதற்கான பரிகாரம்தான் இந்த மடல்.

அந்தச் சொல் வந்த கிரேக்கக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நார்சிசஸ் என்ற அழகன் சுனைநீரில் ஒரு முகத்தைப் பார்க்கிறான். அது தன் முகம்தான் என்றுகூட முதலில் அவனுக்குத் தெரியாது. அதை விட்டு நகர முடியாமல் அங்கேயே கிடந்து உருகிச் செத்துப்போகிறான். அவனுக்குப் பார்த்த முகமே போதும். அதை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை, யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது எங்கள் கேன்டீனுக்கு வாருங்கள். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. எண்ணிப் பார்த்தேன், முப்பதுக்கும் மேல் செல்ஃபி எடுத்தாள். ஒவ்வொன்றாக அழித்தாள். மிஞ்சிய ஒன்றில் தோலின் நிறத்தைக் கூட்டினாள், பருவை அழித்தாள், தாடையைக் கொஞ்சம் குறைத்தாள். அப்புறமும் போடாமல், பக்கத்தில் இருந்தவளிடம் காட்டி, "ரொம்ப கேவலமா இருக்கா?" என்று கேட்டாள். தன்னையே காதலிக்கிறவள் கேட்கிற கேள்வியா இது? தன் முகத்தைப் பார்க்கவே அந்தப் பெண்ணுக்குப் பயமாக இருக்கிறது. நான் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். உங்கள் சுற்றறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நோய் என்று எழுதிவிட்டீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். தன்மோக ஆளுமைக் கோளாறு என்று ஒன்று உண்டு. அமெரிக்க உளமருத்துவக் கையேடு அதற்கு ஒன்பது அறிகுறிகள் சொல்கிறது. அவற்றில் குறைந்தது ஐந்து இருந்தால்தான் அதைக் கோளாறு என்று கருத முடியும். பிறர் வலியை உணராமை, தனக்கு மட்டும் தனிச் சலுகை வேண்டும் என்ற எண்ணம், காரியத்துக்காக மற்றவரைப் பயன்படுத்திக்கொள்வது, ஓயாத புகழ்ப்பசி என்று போகிறது அந்தப் பட்டியல். படம் எடுப்பது அதில் இல்லை. தன்மோகத்துக்கும் செல்ஃபிக்கும் தொடர்பே கிடையாது என்று நான் வாதாடவில்லை. ஆய்வுகளில் தொடர்பு தெரிகிறது, ஆனால் சிறியது. அதை வைத்துக்கொண்டு ஒரு வளாகத்தையே நோயாளிகள் என்று சொல்ல முடியாது.

இந்த 'செல்ஃபி நோய்' வந்த கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 2014-இல் ஒரு நையாண்டித் தளம், செல்ஃபி எடுப்பதை 'செல்ஃபைட்டிஸ்' என்ற மனநோயாக அமெரிக்க உளமருத்துவச் சங்கம் அறிவித்துவிட்டது என்று விளையாட்டாக எழுதியது. உலகம் அதை நிஜம் என்று நம்பியது. சரி, விளையாட்டு இருக்கட்டும், உண்மையில் என்னதான் நடக்கிறது என்று பார்க்கலாமே என இருவர் முனைந்தார்கள். ஒருவர் மதுரை தியாகராஜர் மேலாண்மைக் கல்லூரியைச் சேர்ந்த ஜனார்த்தனன் பாலகிருஷ்ணன், மற்றவர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் கிரிஃபித்ஸ். இந்திய மாணவர்களிடம் பேசி, 20 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். ஏன் எடுக்கிறார்கள் என்பதற்கு அவர்களுக்கு ஆறு காரணங்கள் கிடைத்தன. கவனத்தை ஈர்ப்பது அவற்றில் ஒன்றுதான். மனநிலையை மாற்றிக்கொள்வது, தன்னம்பிக்கை தேடுவது, கூட்டத்தோடு ஒட்டிக்கொள்வது, இடத்தை நினைவில் வைப்பது, போட்டி ஆகியவை மற்றவை. மருத்துவ நோய்ப் பட்டியலில் அந்தப் பெயர் இன்றும் ஏறவில்லை. பத்திரிகைகள் மட்டும் ஏற்றிவிட்டன.

செல்ஃபிக்குத் தமிழில் 'தாமி' என்றும் 'தம்படம்' என்றும் சொல் உண்டு. எனக்குத் தம்படம்தான் பிடிக்கும், தம்பட்டத்துக்கு ஒரு எழுத்துதான் குறைவு. அந்த ஒரு எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா? பதினெட்டு வயதுப் பிள்ளை கல்லூரிக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது நம் தாளாளரின் ஃபிளெக்ஸ். கைகூப்பிய படம் ஒன்று, ஆசி வழங்கும் படம் ஒன்று. கல்லூரிப் பேருந்தின் முதுகில் அவர், நாட்குறிப்பின் அட்டையில் அவர், பட்டமளிப்பு விழா அழைப்பிதழில் நான்கு இடத்தில் அவர். ரத்ததான முகாம் நடந்தால் ரத்தம் கொடுத்தவனை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவர்களின் படம் மறுநாள் நாளிதழில் வருகிறது. 2023 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவே எல்லா உயர்கல்வி நிறுவனங்களுக்கும் எழுதி, வளாகத்தில் நாட்டின் சாதனைகளைக் காட்டும் 'செல்ஃபி பாயின்ட்' அமைக்கச் சொன்னது. ஓரிடத்தில் நின்று எடுத்தால் நாட்டுப்பற்று, நாலடி தள்ளி நின்று எடுத்தால் மனநோயா? பிள்ளைகள் இதை என்னிடம் கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்த விதி யார் தலையில் விடியும் என்பதும் எனக்குத் தெரியும். பெண் பிள்ளைகள் தலையில்தான். என் வகுப்பு மாணவிகள் பாதிப் பேரின் வாட்ஸ்அப்பில் அவர்களுடைய முகமே கிடையாது. ரோஜாப்பூ, அக்காவின் குழந்தை, ஏதாவது ஒரு நடிகை. யாராவது எடுத்து மார்ஃபிங் செய்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம், வீட்டில் அண்ணன் பார்த்துவிடுவான் என்ற பயம் மறு பக்கம். முகம் காட்டவே பயப்படுகிற பிள்ளைகளுக்குத் தன்மோகம் என்று பெயர் வைத்திருக்கிறோம். போன ஆண்டு சேர்ந்த ஒருத்தி, வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள், முதல் நாள் கல்லூரி வாசலில் நின்று ஒரு படம் எடுத்து திருப்பூரில் வேலை செய்யும் அப்பாவுக்கு அனுப்பினாள். அவர் அதை பனியன் கம்பெனி முழுக்கக் காட்டினாராம். அந்தப் படத்தையும் உங்கள் விதி பறிமுதல் செய்திருக்கும்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை செல்ஃபி எடுக்கும்போது நேர்ந்த மரணங்களை, செய்திகளிலிருந்து எய்ம்ஸ் மருத்துவர்கள் தொகுத்தார்கள். உலகம் முழுக்க 259 பேர். அதில் முதலிடம் நம் நாட்டுக்கு. இறந்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஆண்கள், பெரும்பாலும் முப்பது வயதுக்குள் இருந்தவர்கள். தண்ணீரும் வண்டிவாகனமும் உயரமும்தான் கொன்றன. ஆண்கள் விடுதியைப் பற்றி உங்கள் சுற்றறிக்கை வாயே திறக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

கேட்பது மூன்றுதான். 'மனநோய்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பறித்து வைத்திருக்கும் போன்களைக் கொடுத்துவிடுங்கள், சில பிள்ளைகளின் உதவித்தொகைக்கான ஓடிபி அதில்தான் வருகிறது.

மூன்றாவது, எங்கள் ஆண்கள் விடுதிக்குப் பின்னால் உள்ள சுற்றுச்சுவர். மழையில் இடிந்து இரண்டு ஆண்டாகிறது. அந்த வழியாகப் போனால் நேரே ரயில் தண்டவாளம். சாயங்காலம் ஐந்தரைக்கு விரைவு வண்டி வரும் நேரத்தில் அங்கே எப்போதும் நாலைந்து பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை என்று ரயில்வே சட்டம் சொல்வதை வகுப்பில் நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். சிரிக்கிறார்கள். சுவரைக் கட்டக் கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. நிதி இல்லை என்று பதில் வந்தது.

போன வெள்ளிக்கிழமை டேப் வைத்து அளந்து பார்த்தேன். இடிந்த இடம் 18 அடி. முன்வாசலில் புதிதாக வைத்திருக்கும் ஃபிளெக்ஸ் 20 அடி.

இப்படிக்கு,
உளவியல் துறை ஆசிரியை ஒருத்தி