அந்தப் பையில் இருந்தது தண்ணீர் பாட்டில் இல்லை

அண்ணே,

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். எதில் என்று உனக்குத் தெரியும். தொகை, பங்கு பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அண்ணி ஊர்க்காரர்கள் வரைக்கும் இதைப் படிக்கிறார்கள்.

வீட்டை ஒழிக்கும்போது பரணில் ஒரு இரும்பு கிடைத்தது. அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தேன். அது அங்கே இருப்பது உனக்குத் தெரியாது.

2011 பொங்கல் முடிந்து நாம் டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு இறங்கினோமே, அந்த நாள்தான். புல்லுக்குள் துருப்பிடித்து நின்ற தூணைப் பார்த்து, செல்போன் டவர் உடைந்துவிட்டது போல என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாய். அப்புறம் ஒரு மணி நேரம் உன் வாய் மூடவில்லை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்களாம். ஒரு சக்கரம் தண்டவாளத்தில், இன்னொரு பெரிய சக்கரம் தரையில், இழுத்தது காளை மாடுகள். புளுகுகிறாய் என்று நினைத்தேன். (வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், உண்மைதான்.) 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில் வந்தது. தேயிலைப் பெட்டிகள் ரயிலில் வந்து, ரோப்வேயில் தொங்கிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் சரிவில் கொட்டகுடிக்கு இறங்கின. 1924-ல் வந்த வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. மலையாளிகள் இன்னமும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்கிறார்கள், அவர்கள் கணக்கில் அது 1099. பாதி வழியில் இருக்கிற ஊருக்குப் பேர் சென்ட்ரல் ஸ்டேஷன். ரயிலே வராத ஊர். நம்ம போடியிலும் அப்போதுதான் அகலப்பாதை போட ரயிலை நிறுத்தியிருந்தார்கள். "நமக்கும் ஸ்டேஷன் மட்டும்தான்டா மிச்சம்" என்றாய்.

அந்த ரோப்வே தூணுக்குக் கீழேதான் கப்பிச் சக்கரம் கிடந்தது. பாதி மண்ணுக்குள். கம்பி வடம் ஓடி ஓடித் தேய்ந்த பள்ளம் மட்டும் வழவழப்பாக இருந்தது. நான் தோண்டி எடுத்தேன். "வச்சிட்டு வாடா. விட்டுட்டுப் போனவனே எடுக்கல, உனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாய். நான் பைக்குள் போட்டேன். (வனத்துறையில் யாராவது இதைப் படித்தால்: ஐயா, பழைய இரும்பு, அவ்வளவுதான்.)

கொஞ்ச தூரத்தில் என் கால் பிசகியது. என் பையையும் நீயே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாய்.

"என்னடா இம்புட்டுக் கனம்?"

"தண்ணி பாட்டில்ணே."

சென்ட்ரல் ஸ்டேஷன் வந்ததும் தண்ணீர் கேட்டாய். தீர்ந்துபோச்சு என்றேன். ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துவிட்டு, பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாய்.

தப்புதான் அண்ணே. உன் முதுகு அப்போதே சரியில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நீ அடுத்த மாதம் துபாய்க்குக் கிளம்பப் போகிறாய், அந்த நாளிலிருந்து ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும் என்று தோன்றியது. அதை உன்னிடம் சொல்லவும் வெட்கம். சரி, சாக்குத்தான்.

அப்படியே கணக்குப் பார்த்தால் நீ சுமந்தது மூன்று மணி நேரம். நான் அப்பாவை வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குத் தேனிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்கு வருஷம். நீ பணம் அனுப்பினாய், இல்லை என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. ஆனால் பஸ்ஸிலிருந்து அவரை இறக்கும்போது அந்தப் பக்கத்துக் கையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. காரியம் முடிந்த பதினாறாம் நாள் நீ கேட்ட முதல் கேள்வி என்ன என்று... வேண்டாம், விடு.

2018 மார்ச் 11 ராத்திரியையும் சொல்லத்தான் வேண்டும். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கியவர்கள் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்ட அன்று. நான் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்திருந்தேன். வந்து பார்த்தால் உன்னிடமிருந்து பதினோரு அழைப்பு. எடுத்ததும், "எங்கடா இருக்க?" வீட்டில்தான் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்படி அழுத மனுஷன் அடுத்த வருஷமே வக்கீல் மூலமாக எனக்குக் கடிதம் அனுப்பினாய்.

பழைய இரும்புக்காரர் தராசில் வைத்தபோது 4 கிலோ 200 கிராம் காட்டியது. விலையும் சொன்னார். நான் கொடுக்கவில்லை. திரும்பக் கொண்டுபோய் வைக்கலாம் என்றால், இப்போது அனுமதி இல்லாமல் அந்தப் பாதையில் ஏறவும் முடியாது.

பத்திரப் பதிவுக்கு வருகிறாய் என்று அக்கா சொன்னாள். போடிக்கு 2023-லிருந்து மறுபடியும் ரயில் வருகிறது, சென்னையில் இறங்கினால் நேராக வரலாம். வந்தால் வீட்டைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். சென்ட்ரல் ஸ்டேஷனில் தண்ணீர் தீர்ந்துபோச்சு என்று சொன்னேனே, அப்போதே உனக்குத் தெரியுமா? அதை மட்டும் சொல்.

தம்பி