ஹட்டன் கொமினிகேஷன் அக்காவுக்கு நன்றி

என் சிறுகதைத் தொகுப்பு இந்த மாதம் அச்சகத்துக்குப் போகிறது. இலங்கை மலையகத்து ஹட்டனில் கொமினிகேஷன் (டைப்பிங், போட்டோகொப்பி கடை) நடத்தும் ஓர் அக்காவுக்குத்தான் முதல் நன்றி. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், சரி, போடவில்லை.

2022இல் ரூபாய் சரிந்து கடதாசி விலை ஏறியபோது, அச்சகம் சொன்ன தொகை கேட்கும்போதெல்லாம் மாறியது. புத்தகமே வேண்டாம் என்று கையெழுத்துப் பிரதியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். அக்கா விடவில்லை. "காசு வரும்போது அடிக்கலாம் தம்பி. இப்போ மாதம் ஒரு கதையாவது கொண்டுவாங்க, நான் டைப் பண்ணி வைக்கிறேன்" என்றார். அவர் கேட்பாரே என்பதற்காகவே உட்கார்ந்து திருத்தி எழுதினேன். பிரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), அரைப்பேர் (அரைநாள் சம்பளம்), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை) என்று வரும் தேயிலைத் தோட்டத்துப் பேச்சை மாற்றச் சொல்லி ஒருவர் வற்புறுத்தியபோது, "அதுல கை வைக்காதீங்க" என்றவரும் அவர்தான். (எனக்கும் அதே எண்ணம்தான், சொல்லத்தான் ஓர் ஆள் தேவைப்பட்டது.)

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யுனிகோடுக்கு மாற்றியதில் சிதைந்த எழுத்துகளை வரிவரியாகச் சரிபார்த்தார். தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்கான சர்வதேச தர எண்) கேட்கும் விண்ணப்பத்தையும் நிரப்பித் தந்தார்.

அக்கா, முதல் பிரதி உங்களுக்குத்தான். டைப் பண்ணிய காசையும் அப்போது வாங்கிக்கொள்ள வேண்டும், மறுக்கக் கூடாது.