பெனின் சிறுத்தையைப் புலி ஆக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த, இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் என்ற பழைய அரசின் வார்ப்புச் சிற்பங்கள் பற்றிய கட்டுரைக்குப் படங்கள் நன்றாக அமைந்திருந்தன. ஆனால் விலங்குகளின் பெயர்கள் பிழைத்துவிட்டன. பிள்ளைகள் படத்தைப் பார்த்து வரைந்து, கீழே உள்ள பெயரையே மனதில் பதிப்பார்கள். ஆகவே திருத்தம் அவசியம்.

முதலாவது, சிறுத்தைப் படத்தின் கீழ் போட்ட "புலி". ஆபிரிக்கக் காட்டில் வரிப்புலி கிடையாது. வன்னியில் சிறுத்தையையும் பேச்சில் புலி என்றுதான் சொல்கிறோம். அச்சில் அப்படி வந்தால் பிள்ளை வரி போட்டு வரைந்துவிடும். படத்தைக் கிட்ட வைத்துப் பாருங்கள், உடம்பெல்லாம் வட்டப் புள்ளி. காட்டுக்கு அரசன் சிறுத்தை, ஊருக்கு அரசன் ஓபா (பெனின் அரசர்களின் பட்டப்பெயர்). அதனால் ஓபாவுக்கு "வீட்டுச் சிறுத்தை" என்று பெயர். சிறுத்தையைப் பலியிடும் உரிமையும் அவருக்கு மட்டுமே இருந்தது.

படத்திலுள்ள சிறுத்தை அலங்காரப் பொம்மையும் அல்ல, நீர்ப் பாத்திரம். உச்சந்தலை மூடியைத் திறந்து நீர் நிரப்பிச் சரித்தால் மூக்குத் துளைகளால் வடியும். சடங்கில் ஓபா கை கழுவியது அந்த நீரில். எங்கள் மூக்குப்பேணிக்குத் தனியாக மூக்கு வைக்கிறோம். அங்கே விலங்கின் மூக்கே பாத்திரத்தின் மூக்கு.

இரண்டாவது, "கடற்கன்னி போன்ற உருவம்" என்ற குறிப்பு. அது ஓபாவின் உருவம். இரு கால்களும் இரண்டு சேற்று மீன்களாக மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்துக் கிடக்கும் விராலைக் கண்டவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நீரிலும் நிலத்திலும் உயிர் தரிக்கும் மீன் அது. நிலத்துக்கு ஓபா, நீருக்கும் செல்வத்துக்கும் ஒலோகுன் என்ற தெய்வம். இரு ஆட்சியும் ஒரே உடலில் கூடுவதையே அந்தக் கால்கள் காட்டுகின்றன. ஓஹென் என்ற ஓபாவுக்குக் கால் முடங்கியபோது, ஒலோகுன் தன்னில் இறங்கியதால் கால்கள் மீனாகின என்று அவர் சொன்னதாக மரபுக் கதையும் உண்டு.

அரண்மனைக் கூரைக் கோபுரத்திலிருந்து தலைகீழாக இறங்குவதுபோல் அமைத்த மலைப்பாம்பு ஒலோகுனின் தூதுவன். புதூர் நாகதம்பிரானை நினைவூட்டிப் பாடம் நடத்தலாம், தவறில்லை. ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று மட்டும் எழுதக் கூடாது.

கோலின் உச்சியில் சிறகு விரித்து நிற்கும் பறவை தெய்வப் பறவை அல்ல. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடா என்ற அயல் அரசுடன் நடந்த போருக்கு எசிகி என்ற ஓபா புறப்பட்டபோது, தோல்வி வரும் என்று ஒரு பறவை கத்தியது. அதைக் கொல்லச் சொல்லிவிட்டுப் போய் வென்றார். பிறகு அதன் உருவை வார்ப்பித்தார். இன்றும் பிரதானிகள் சடங்கில் அதன் அலகைத் தட்டி ஒலி எழுப்புகிறார்கள். தீக்குறியை மீறி வென்றதன் அடையாளம் அது.

"வெண்கலம்" என்பது பழகிய பெயர்தான், பெரும்பாலானவை பித்தளை. "ஒரே அச்சில் பல வார்த்தார்கள்" என்பதோ முழுப் பிழை. களிமண் கருவின் மேல் தேன்மெழுகு பூசி, புள்ளி, மீசை, பல் எல்லாம் மெழுகிலேயே செதுக்குவார்கள். அதன் மேல் முதலில் நுண்களிமண், பிறகு பருங்களிமண் பூசினால் அதுவே அச்சு. அச்சைச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடும், அந்த இடைவெளியில்தான் பித்தளை ஊற்றுவார்கள். மெழுகு போனபின் கரு விலகாதிருக்க முன்பே இரும்பு ஆணிகள் குத்த வேண்டும். கரு சற்று விலகினாலும் ஒரு பக்கம் மெலிந்து ஓட்டை விழும். அச்சில் ஈரம் இருந்தால் நீராவி கிளம்பி வெடிக்கும். 900 பாகைக்கு மேல் உருகிய பித்தளையை ஆறிப்போன அச்சில் ஊற்றினால் வாலுக்கும் காதுக்கும் போய்ச் சேருமுன் இறுகிவிடும். கடைசியில் அச்சை உடைத்தே சிற்பத்தை எடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொன்றும் தனி ஒன்று. பெனின் நகரின் இகுன் தெருவில் இத்தொழில் இன்னும் நடக்கிறது.

அந்த நகரம் நைஜீரியாவில் இருக்கிறது. கட்டுரை சொல்லும் பெனின் குடியரசு வேறு நாடு, 1975 வரை அதன் பெயர் தாகோமி.

சேவல் படத்தின் கீழும் ஒரு திருத்தம் வேண்டும். அது அரசனின் தாய்க்கான பலிபீடத்துக்கு உரியது. 1897 பெப்ரவரியில் பிரித்தானியப் படை அரண்மனையைச் சூறையாடியபோது கொண்டுபோனவற்றில் ஒன்று. "கேம்பிரிட்ஜ், இங்கிலாந்து" என்று போட்டிருக்கிறீர்கள். அங்குள்ள ஜீசஸ் கல்லூரி அதை 2021 ஒக்ரோபரில் நைஜீரியாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது.

சித்திரப் பாட ஆசிரியர்கள் சிலர்,
ஒட்டுசுட்டான்.